எல்லா மலைக்கும் ஒரே உடல்

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை அருகருகே வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்து ஒன்றாக்கினார். மனைவி நான்சி அப்போது கருவுற்றிருந்தார். பெண் குழந்தைகள் வீட்டை இரண்டுபடுத்திக்கொண்டிருக்க, அவர்களை எங்காவது வெளியே கூட்டிப்போகும்படி கணவரிடம் சொன்னார். மகள் சறுக்குவண்டியில் உட்காராமல் நின்றபடியே மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் பாப்பனுக்கு யோசனை பிறந்தது. அவர் செய்த பலகைக்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் நான்சி. பனிக்கான ஆங்கிலச் சொல்லையும் அலைச்சறுக்குக்கான சொல்லையும் ஒட்டி அவர் உண்டாக்கிய புதுச்சொல் அது.

அடுத்த ஆண்டே பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. 1968இல் பாப்பனுக்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ஸ்னோபோர்டின் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் இந்தக் கிறிஸ்துமஸைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். மேலே போனதும் கதை முழுக்க ஆண்களின் கதையாகிவிடுகிறது. நின்றபடி இறங்கியவள் ஒரு சிறுமி, பெயர் தந்தவள் ஒரு பெண். இருவரும் கதையின் முதல் பத்தியோடு விடைபெறுகிறார்கள்.

பனியைக் காலால் மிதித்தறியாத நான் இதை எழுதக் காரணம் என் தொழில்தான். நான் தமிழ் கற்பிப்பவள். மதிப்புரைகளை வாசிப்பதும் ஆய்வேடுகளை மதிப்பிடுவதும் என் அன்றாட வேலை. சங்க இலக்கியப் பாடத்தில் 'பெண்பாற் புலவர்கள்' என்றொரு தனித்தலைப்பு உண்டு. ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். கபிலரும் பரணரும் வெறும் 'புலவர்கள்'. அவர்களுக்குப் பால் கிடையாது. எதற்கு அடைமொழி தேவைப்படுகிறது, எது அடைமொழி இல்லாமலே பொதுவாக நிற்கிறது என்ற கேள்வி இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் என்னோடு இருக்கிறது. ஸ்னோபோர்டு மதிப்புரைகளை வாசித்தபோது அதே கேள்வியை அங்கேயும் கண்டேன். கவிதையில் பூசி மெழுகிச் சொல்லப்படுவது அங்கே சென்டிமீட்டரிலும் கிலோவிலும் அப்பட்டமாகக் கிடந்தது.

ஒரு பலகையின் மதிப்புரை இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஒன்று, இது எப்படி ஓடுகிறது? இரண்டு, இது யாருக்குப் பொருந்தும்? முதல் கேள்விக்கான விடை பலகையிடம் இருப்பதாகவும், இரண்டாவது கேள்வி வாங்குபவரின் விருப்பம் சார்ந்தது என்றும் தோன்றும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் முதல் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது. இந்த விளையாட்டின் வரலாற்றில் பெண்கள் பெற்றுத்தந்த முக்கியமான அறிவு இது என்று நினைக்கிறேன்.

ஸ்னோபோர்டுகளில் பல வகை உண்டு. மிருதுவான புதுப்பனியில் மிதப்பதற்கென்று செய்தவை, பூங்கா எனப்படும் தாவுமேடைத் திடல்களில் வித்தை காட்டுவதற்கானவை, இயந்திரத்தால் சமப்படுத்திய சரிவில் வேகமாகக் கோடு கிழிப்பதற்கானவை. இவை எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்படி செய்யப்படுவதுதான் 'ஆல்-மவுண்டன்' பலகை. எந்த ஒன்றிலும் உச்சம் தொடாது, எதிலும் கைவிடவும் விடாது. ஒரே ஒரு பலகை மட்டும் வாங்க முடிகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். பெயரிலேயே மலை முழுவதையும் உரிமை கொண்டாடுகிறது. மலை முழுவதும் சரி, மனிதர்கள் முழுவதும் அதில் அடக்கமா?

பலகையின் உடற்கூறு தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மேலிருந்து பார்த்தால் அது செவ்வகமாக இருக்காது. இரு முனைகளும் அகன்று, நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். அந்த நடுப்பகுதியை ஆங்கிலத்திலும் இடுப்பு என்றே சொல்கிறார்கள். 'துடியிடை' என்று பெண்ணின் இடையை உடுக்கையோடு ஒப்பிட்டுப் பழகிய மொழி நம்முடையது. பலகையும் நீட்டி இழுத்த உடுக்கைதான். பக்கவாட்டில் உள்ள இந்த உள்வளைவுதான் பலகையைத் திரும்ப வைக்கிறது. பலகையைச் சாய்த்து எஃகு விளிம்பைப் பனியில் பதித்தால், அந்த வளைவு தன் போக்கில் ஒரு வட்டத்தின் பகுதியை வரைந்துகொண்டு போகும்.

சாய்ப்பது பாதத்தின் வேலை. இரு பாதங்களும் பலகைக்குக் குறுக்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. குதிகாலை அழுத்தினால் ஒரு விளிம்பு பதியும், விரல்களை அழுத்தினால் மறு விளிம்பு. பாதம்தான் நெம்புகோல். பாதம் சிறியதாகவும் இடை அகலமாகவும் இருந்தால், அழுத்தம் விளிம்புக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் கூடுதலாக உழைக்க வேண்டும். பாதம் பெரியதாகவும் இடை குறுகலாகவும் இருந்தால், சாயும்போது பூட்ஸின் முனை பனியில் உரசும், ஆள் விழுவார். ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் பாதமுள்ளவருக்கு 25 சென்டிமீட்டரைத் தாண்டிய இடை வசதி. 24 சென்டிமீட்டர் பாதமுள்ளவருக்கு அதே பலகை ஒரு தெப்பம்.

அடுத்தது வளைவுத்தன்மை. பலகையைத் தரையில் வைத்தால் பலவற்றில் நடுப்பகுதி சற்றே மேலெழும்பி வில்லைப் போல நிற்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஆள் ஏறி நின்றால் வில் தட்டையாகி, விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பற்றும். திருப்பம் முடியும்போது வில் விடுபட்டு ஆளை முன்னே தள்ளும். இதெல்லாம் நடக்க வில்லை வளைக்குமளவு எடை வேண்டும். 85 கிலோ எடையுள்ளவர் ஏறினால் உயிர்பெறும் பலகை, 55 கிலோ எடையுள்ளவருக்கு வளைந்துகொடுக்காத வெறும் மரக்கட்டை. 'வேகத்திலும் அதிராமல் உறுதியாக நிற்கிறது' என்று முதலாமவர் எழுதும் அதே பலகையைப் பற்றி 'திரும்பவே மாட்டேன் என்கிறது' என்று இரண்டாமவர் எழுதுவார். இருவரும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள்.

ஆக, பலகையின் குணங்களில் இரண்டு வகை உண்டு. அடிப்பரப்பு மெழுகை எவ்வளவு உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, உள்ளே வைத்த மரம் என்ன, விளிம்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பவை பலகைக்கே சொந்தமானவை. நெகிழ்வு, உறுதி, திரும்பும் வேகம், மன்னிக்கும் குணம் ஆகியவை பலகைக்கும் ஓர் உடலுக்கும் இடையே உண்டாகும் உறவின் குணங்கள். மதிப்புரைகள் நெடுங்காலம் இரண்டாவது வகையை முதல் வகைபோலவே எழுதிவந்தன. உடலைச் சொல்லாமல் விட்டதால், எழுதியவரின் உடலே பொதுவான உடலாகிவிட்டது.

அந்த உடல் எப்படி இங்கே வந்து உட்கார்ந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1970களில் யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச், கலிஃபோர்னியாவில் டாம் சிம்ஸ், வெர்மாண்ட்டில் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் எனச் சில இளைஞர்கள் தனித்தனியே பலகை செய்துகொண்டிருந்தார்கள். தாமே செய்து, தாமே ஏறிப் பார்த்து, தமக்குச் சரிவரும்வரை மாற்றினார்கள். கைத்தொழிலில் இது இயல்பு. செய்பவரின் கை அளவே கருவியின் அளவாக இருக்கும். பட்டறை தொழிற்சாலையாக மாறியபோதும் அந்த அளவு மாறவில்லை என்பதுதான் சிக்கல்.

இதே காலத்து நிகழ்ச்சி ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு ஜேக் பர்ட்டன் தாம் செய்த பலகையோடு வந்தார். அதில் காலைப் பிணைத்து வைக்கும் கட்டுகள் இருந்தன. அது ஸ்னர்ஃபரே அல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் அவருக்காகத் திறந்த பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே. வென்றவரும் அவரே. வேறு கருவியோடு வந்த ஒருவருக்காக ஒரு பிரிவு உருவாக்கப்பட்டது, பின்னர் அந்தப் பிரிவே விளையாட்டாக வளர்ந்தது. வேறு உடலோடு வந்தவர்களுக்கு இப்படிக் கதவு திறக்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான பனிச்சறுக்கு மையங்கள் ஸ்னோபோர்டை உள்ளேயே விடவில்லை. வெர்மாண்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983இல் அனுமதித்தது, மற்றவை மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தன. ஸ்னோபோர்டுக்காரர்கள் தம்மை விலக்கப்பட்டவர்களாகவே பார்த்தார்கள். ஒரு பண்பாடாகவே அந்தக் கலகத்தை வளர்த்துக்கொண்டார்கள். விலக்கப்பட்டவர்களின் கூட்டத்துக்குள்ளும் விலக்கப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பது நமக்குப் புதிதல்ல. இயக்கங்களில் இருந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்றைய பெண்கள் ஆண்களுக்கான பலகையிலோ சிறுவர்களுக்கான பலகையிலோதான் ஏறினார்கள். முன்னதில் இடை பாதத்துக்கு மிக அகலம். பின்னதில் பாதம் பொருந்தினாலும் வளர்ந்த ஒருத்தியின் வேகத்துக்கும் எடைக்கும் பலகை ஈடுகொடுக்காது. ஒருத்தி விழுந்தால் 'பெண்களுக்கு வராது' என்று சொல்ல ஆள் இருந்தது. பலகையை யாரும் சந்தேகிக்கவில்லை.

1990களின் நடுவில் சிம்ஸ் நிறுவனம் ஷானன் டன், டீனா பாசிக் ஆகிய இரு வீராங்கனைகளின் பெயரில் பலகைகளை வெளியிட்டது. ஒரு பெண்ணின் பெயர் தாங்கி, பெண்கள் ஏறுவதற்கென்று வந்த முதல் பலகைகளில் அவை சேரும். இருவரும் தோழிகள். இன்னொரு தோழிக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததையடுத்து 1996இல் அந்த நோய் பற்றிய விழிப்புணர்வு அமைப்பு ஒன்றைத் தொடங்கியவர்களில் இவர்களும் உண்டு. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம்பெற்றபோது, ஷானன் டன் அரைக்குழாய்ப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2003இல் வெளிவந்த பாசிக்கின் தன்வரலாற்றுக்குப் 'ப்ரிட்டி குட் ஃபார் எ கேர்ள்' என்று பெயர். பெண் கவிஞர் எவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 'பொம்பளப் புள்ளைக்கு இது பரவாயில்லையே' என்ற பாராட்டை மேடையிலிருந்து கீழே இறங்கியதும் நாம் கேட்காத ஊர் இல்லை.

நாகானோவில் ஸ்னோபோர்டு ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் சேர்ந்தே நுழைந்தது என்பதையும் குறிக்க வேண்டும். 1924 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் பனித்தாவல் விளையாட்டில் பெண்களுக்கு 2014வரை இடமில்லை. புதிய விளையாட்டாக இருந்ததன் நன்மை இது. பழைய கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்காமல், வீடு கட்டும்போதே உள்ளே இருந்தார்கள். ஆனால் வீட்டின் அளவுகளை யார் எடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

2018இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் அது எல்லார் கண்ணெதிரிலும் வந்து நின்றது. தடைகளும் தாவுமேடைகளும் கொண்ட ஸ்லோப்ஸ்டைல் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தடம், ஒரே அளவு மேடைகள். கடுங்காற்றால் பெண்களின் தகுதிச்சுற்று ரத்தானது. மறுநாளும் காற்று ஓயாத நிலையில் இறுதிச்சுற்றை நடத்தினார்கள். எடை குறைந்த உடலைக் காற்று எளிதாகத் தூக்கும். எதிர்க்காற்றில் வேகம் குறைந்தால் மேடையைத் தாண்டி இறங்குசரிவை எட்ட முடியாது. பெரும்பாலான ஓட்டங்கள் விழுந்தோ பாதியில் கைவிடப்பட்டோ முடிந்தன. ஜேமி ஆண்டர்சன் தங்கம் வென்றார். போட்டியை நடத்தியிருக்கக்கூடாது என்று வீராங்கனைகள் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களின் திறமையைப் பற்றிப் பேசத்தான் பலருக்கு நேரமிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரியாவின் ஆனா காஸர், காற்றில் மூன்று முறை தலைகீழாகச் சுழன்று இறங்கும் வித்தையை முதலில் நிகழ்த்திய பெண்ணானார். திறமை எங்கும் போய்விடவில்லை. ஒரே தடம் என்பதாலேயே அது சமமான தடமாகிவிடாது என்பதுதான் பிப்ரவரியில் தெரிந்தது.

அப்படியானால் பெண்களுக்கென்று தனிப் பலகை, தனிக் கடைப்பகுதி, தனி மதிப்புரை என்பதுதான் தீர்வா? இங்கே நான் தயங்குகிறேன். தனிவரிசை தந்த நன்மை கண்கூடானது. 23, 24 சென்டிமீட்டர் இடை கொண்ட பலகைகள் வந்தன. கெண்டைக்கால் தசை தாழ்வாகத் தொடங்கும் கால்களுக்கேற்ற பூட்ஸ் வந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. ஆண்களின் பொருளைச் சிறிதாக்கி இளஞ்சிவப்புப் பூசி விற்கும் வழக்கத்துக்கு அமெரிக்க வணிகத்தில் ஒரு கேலித்தொடரே உண்டு. பூவும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்த பலகைகள் மிருதுவான நெகிழ்வோடு, தொடக்கநிலைக்காரர்களை எதிர்பார்த்து நின்றன. நெகிழ்வை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணால் குறிப்பார்கள். அந்த எண்ணுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஐந்தும் இன்னொன்றின் ஐந்தும் ஒன்றல்ல. பெண்கள் வரிசையின் ஐந்து, ஆண்கள் வரிசையின் ஐந்தைவிட மென்மையாக இருப்பது வழக்கம்.

மதிப்புரைகளின் சொற்களும் அப்படியே பிரிந்தன. நான் வாசித்தவரையில் ஆண்களின் பலகை 'சீறுகிறது', 'ஆவேசமானது', 'பலம் மிக்கது'. பெண்களின் பலகை 'மன்னிக்கிறது', 'நம்பிக்கையூட்டுகிறது', 'விளையாட்டுத்தனமானது'. இரண்டும் ஒரே மரத்தாலும் கண்ணாடி இழையாலும் ஆனவை. பெண் கவிதையை 'மென்மையான உணர்வுகள்' என்றும் ஆண் கவிதையை 'வீச்சு' என்றும் எழுதிய மதிப்புரைகளை வரிசையாக அடுக்கினால் என் துறை நூலகத்தில் ஓர் அலமாரி நிறையும்.

தொல்லை எங்கே என்றால், 'பெண்' என்ற சொல்லை அளவுகோலாகப் பயன்படுத்துவதில்தான். பெண்களில் 80 கிலோ எடையுள்ளவர் உண்டு, 27 சென்டிமீட்டர் பாதமுள்ளவர் உண்டு. அவருக்குப் பெண்கள் வரிசையின் பலகை ஆகாது. 58 கிலோ எடையுள்ள ஒல்லியான ஆணுக்கு ஆண்கள் வரிசை ஆகாது. ஆண்மைக்கு இழுக்கு என்றெண்ணி அவர் தனக்குப் பொருந்தாத பலகையோடு மலையில் மல்லுக்கட்டுவார். பலகைக்குத் தேவையானவை எடையும் பாத நீளமும் நிற்கும் அகலமும் திறனும் மட்டுமே. பால் அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க அளவுமுறையில் ஒரே பாதத்துக்கு ஆண் எண் ஒன்று, பெண் எண் ஒன்று. பனிச்சறுக்கு பூட்ஸுகளில் பரவலாகப் பயன்படும் மோண்டோபாயிண்ட் முறையில் பாதத்தின் நீளம்தான் எண். 24.5 என்றால் 24.5 சென்டிமீட்டர். யாருடைய பாதம் என்று அது கேட்பதில்லை. அண்மை ஆண்டுகளில் சில நிறுவனங்கள் சில பலகைகளிலிருந்து ஆண், பெண் என்ற குறியை எடுத்துவிட்டு, 140களிலிருந்து 160கள்வரையான நீளங்களை ஒரே வரிசையாகத் தருகின்றன. இது சரியான திசை. ஆனால் குறியை மட்டும் எடுத்துவிட்டு, அளவை 152 சென்டிமீட்டரில் தொடங்கினால், பழைய 'பொது' புதிய பெயரில் திரும்பி வந்துவிட்டது என்றே பொருள். ஒரு பலகையின் அளவுப்பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும், அதைச் செய்தவர்கள் யாரை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

நல்ல மதிப்புரையாளர்கள் இன்று தொடக்கத்திலேயே தம் உயரம், எடை, பூட்ஸ் அளவு, தாம் ஓட்டிய பலகையின் நீளம், அன்றைய பனியின் நிலை ஆகியவற்றைச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் அறிந்த குரல் அங்கே இல்லை. இந்த எடையுள்ள நான், இந்தப் பனியில், இதை உணர்ந்தேன் என்கிறது அந்தக் குரல். அறிவு எப்போதும் ஓர் இடத்திலிருந்துதான் பிறக்கிறது, எங்கும் நில்லாமல் எல்லாவற்றையும் பார்க்கும் கண் கிடையாது என்று டோனா ஹாராவே 1988இல் வெளியான தம் கட்டுரையில் வாதிட்டார். ஆய்வு மாணவர்களுக்கு அதை விளக்க நான் படும் பாட்டை ஒரு பலகை மதிப்புரையின் முதல் வரி எளிதாகச் செய்துவிடுகிறது.

ஆகவே ஒரு ஆல்-மவுண்டன் பலகையை மதிப்பிடும் எவரிடமும் நான் கேட்க விரும்புபவை இவை. ஏறிப் பார்த்தவரின் எடை என்ன, பாதம் என்ன? மிகச் சிறிய அளவையும் யாராவது ஏறிப் பார்த்தார்களா, அல்லது பெரிய அளவின் அனுபவத்தைச் சிறியதற்கும் பொருத்திச் சொல்கிறீர்களா? நீளம் குறையும்போது இடையும் நெகிழ்வும் அதற்கேற்பக் குறைகின்றனவா? 'தொடக்கநிலைக்கு ஏற்றது' என்று சொல்லும்போது திறனைச் சொல்கிறீர்களா, எடையைச் சொல்கிறீர்களா? எடை குறைந்த, ஆனால் கைதேர்ந்த ஒருத்திக்கு விறைப்பான பலகை இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இன்றும் பல கடைகளில் விடை சிரமம்.

இவை எவையும் பனிக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. பேருந்தின் கைப்பிடிக்கம்பி உயரமும், ஆய்வகத்தின் மேசை உயரமும், ஒரு தொகுப்பில் யாருடைய கவிதை 'மனித அனுபவம்', யாருடையது 'பெண் அனுபவம்' என்ற பகுப்பும் இதே கேள்விகளுக்குள் வரும். எனக்குப் 'பெண்பாற் புலவர்' என்ற தலைப்பைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடும் எண்ணம் இல்லை. நீக்கினால் வெள்ளிவீதியாருக்கு ஒதுக்கிய அந்த இரண்டு வகுப்புகளும் கபிலருக்குப் போய்விடும் என்று தெரியும். கபிலரை நடத்தும்போதும் இது ஓர் ஆண் நின்ற இடத்திலிருந்து பார்த்த குறிஞ்சி என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். முதலில் மாணவர்கள் சிரித்தார்கள். இப்போது மற்றப் புலவர்களுக்கும் அவர்களே கேட்கிறார்கள்: "இவர் எங்க நின்னு பாக்குறாரு, மேடம்?"